பதினான்காம் எண் சாலை

பதினொரு வாக்கு வித்தியாசத்தில்
சாலை வரி தோற்றது.

ஹால்வர் கவுன்ட்டி அலுவலகத்தின் நிலவறையில்
மடக்கு நாற்காலிகள் நாற்பது,
வந்தவர்கள் பத்தொன்பது பேர்.
பொறியாளர் டேரல் ஹாக்ஸ்டட்
சுவரில் எண்களைக் காட்டினான்.
ஒரு மைல் தார் போட இரண்டரை லட்சம் டாலர்.
சரளை என்றால் அதில் பத்தில் ஒன்று.
எட்டாம் பாலத்தில் கனரக வண்டிகளுக்குத் தடை.
"ஒன்று பள்ளம், இல்லாவிட்டால் புழுதி.
எது வேண்டுமோ சொல்லுங்கள்" என்றான்.

ஆர்லிஸ் டுவெட் எழுந்து போய்
கழன்று விழுந்த சக்கர மூடியை
மேசைமேல் வைத்தாள்.
எதுவும் பேசவில்லை.
மூடி கொஞ்ச நேரம் ஆடி அடங்கியது.

வடக்கே ஆறு மைல்
திரும்பவும் சரளை ஆகும்.
மூன்றுக்கு இரண்டு, தீர்மானம் நிறைவேறியது.
காபி ஆறிப் போயிருந்தது.
இருந்தும் குடித்தோம்.

கிரேடர் ஓட்டுகிறவள் நான்.
பத்தொன்பது குளிர்காலம்
அந்தத் தாரின் மேல் பனி வழித்திருக்கிறேன்.
கிழிக்கும் வேலையும் எனக்கே வந்தது.

ஜூன் முதல் திங்கள்.
பின்புறப் பற்களை இறக்கினேன்.
அடிபிடித்த சோற்றைச் சுரண்டுவது போல
முதலில் வராது,
வந்தால் பாளம் பாளமாக வரும்.
மஞ்சள் கோடு துண்டு துண்டாகப் புரண்டு
வானம் பார்த்துக் கிடந்தது.
அடியில் எழுபத்தொன்றில் போட்ட அடுக்கு.
அதற்கும் அடியில், பழைய சரளை:
இப்போது லாரியில் வந்து இறங்குவதும்
அதே குழியில் அள்ளியதுதான்.

கர்ட் வெஸ்ட்பி வீட்டெதிரே மட்டும்
ஒரு முழத் துண்டு அசையவில்லை.
போன வருடம் நான் ஒட்டுப் போட்ட இடம்.
மூன்று முறை பல்லை இறக்க வேண்டியிருந்தது.
நல்ல ஒட்டு.

பள்ளிப் பேருந்தை ஓரம் கட்டி
லவோன் இறங்கி வந்தாள்.
"வேண்டாம் என்று போட்டவர்கள் எவரோ,
அவர்கள் கண்ணில் முதலில் விழட்டும்
இந்தப் புழுதி."
தலையாட்டினேன்.
கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பதில் ஒரு வசதி,
எந்தப் பக்கம் ஆட்டினோம் என்று
வெளியே அவ்வளவாகத் தெரியாது.

நவம்பரில், பள்ளி ஜிம்மில்,
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே,
மறைப்புக்குள் நின்று
'வேண்டாம்' வட்டத்தைக் கறுப்பாக்கியவள் நான்.

குளிர்பெட்டிக் கதவில்
நிலவரி நோட்டீஸ் தொங்கியது, காந்தம் போட்டு.
தெற்குக் கால்பங்கை விற்றும்
வங்கிக்காரன் சிரிக்கவில்லை.
என் சம்பளமே அந்த வரியில் இருந்துதான்.
தெரியும்.
தெரிந்தேதான் வட்டத்தை நிரப்பினேன்,
கோட்டைத் தாண்டாமல்,
சின்ன வகுப்பில் சொல்லிக் கொடுத்த மாதிரி.

பதினொன்று என்றால்
ஆறு பேர் மாற்றிப் போட்டிருந்தால் போதும்.
இந்தக் கணக்கை நான் பலமுறை போட்டுப் பார்த்துவிட்டேன்.
மற்ற ஐந்து பேர் யார் என்று
பெட்ரோல் நிலையத்தில், தேவாலய வாசலில்,
முகம் முகமாகப் பார்க்கிறேன்.
சிலர் என்னையும்
அப்படிப் பார்க்கிறார்கள்.

இப்போது இரண்டு மைல் தொலைவிலேயே
யார் வருகிறார்கள் என்று தெரிந்துவிடுகிறது.
கர்ட்டின் புழுதி நீளமானது, அவசரக்காரன்.
ஆர்லிஸ் வந்தால்
புழுதியே எழும்பாது.

வெட்டி நிரவினால் இருபது நாள் தாங்கும்.
பிறகு துணி துவைக்கும் பலகை மாதிரி
வரி வரியாக எழும்பும்.
மேட்டுத் திருப்பத்தில், பேருந்து ஏறும் இடத்தில்,
ஒரு நடை கூடுதலாக ஓட்டுகிறேன்.
மணிக்கணக்கில் அதை எழுதுவதில்லை.

இன்று காலையும் லவோன் எதிரே வந்தாள்.
ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு விரல் உயர்த்தினாள்.
நானும் இரண்டு விரல்.
பேருந்து கடந்த பிறகு
கொஞ்ச நேரம் எதுவும் தெரியவில்லை.
வண்டியை நிறுத்திக்கொண்டு
அடங்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.