மணிக்கூடு இல்லாத சில்லு

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி, இரவு பதினொன்றேகால்.
மின்விசிறி வெக்கையைத்தான் திருப்பித் திருப்பித் தருகிறது.
நான் வரையும் சில்லுக்கோ
நான்கு கெல்வின் குளிர் வேண்டும்.
எனக்குத் தெரிந்த ஹீலியமெல்லாம்
காலிமுகத்திடலில்
நூலில் கட்டி விற்கிறார்கள்.

சில்லு செய்கிறேன் என்றால்
"எந்த வாகனத்துக்கு?" என்கிறா
கீழ்வீட்டு தர்மாம்பிகை அக்கா.

இதில் மணிக்கூடு இல்லை,
எல்லோரையும் ஒரே அடியில் அதட்டும் துடிப்பு இல்லை.
ஒரு வாசல் "அனுப்பட்டுமா" என்று கேட்கும்.
அடுத்தது "வந்துவிட்டது" என்று சொல்லும்.
நூறாம் இலக்க பஸ்ஸில்
கொண்டக்டர் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்ட
சாரதி எடுப்பதுபோல.
நேர அட்டவணையை அங்கே யார் பார்த்தார்?

மூன்று நாளாய் ஒரு பிழை.
கூட்டல் பாதியில் மௌனமாகிறது.
"எங்கேயோ உடைஞ்சிருக்கும்" என்றான் மிஃப்ராஸ்,
போனுக்குப் பின்னால் கொத்துரொட்டிச் சத்தம்.
உடையவில்லை.
நீ முதலில், இல்லை நீ முதலில் என்று
இரண்டு வாசல்கள்
ஒன்றுக்கொன்று வழிவிட்டு நிற்கின்றன.
தடையே இல்லாத வளையத்தில்
ஒரு சொட்டு மின்னோட்டம்
தேயாமல்
சுற்றிக்கொண்டே.

முதல் துடிப்பொன்றை நானே வைத்தேன்.
ஏழும் ஐந்தும் பன்னிரண்டு.
இதற்கா மூன்று நாள்!

விடிந்ததும் வரைபடம் கடல் தாண்டும்.
யாரோ அதைக் குளிரில் இறக்குவார்கள்,
கையுறை போட்டு.
நான் தொடப்போவதில்லை.

கரையோரப் பாதையில் கடைசி ரயில்.
அதற்குரிய நேரம் எப்போதோ போய்விட்டது.
யன்னல் கம்பி மெல்ல அதிர்கிறது:
வந்துவிட்டது.