நாற்பத்தோராவது நிமிஷம்

கம்பியூட்டர் கொழும்பு பஸ்ஸில் வந்தது.
ஏதோ கம்பனி கழித்துவிட்ட பழசு,
'கணக்குப் பிரிவு 14' என்ற துண்டு
விலாவில் இன்னும் ஒட்டியிருக்கிறது.
ஹட்டனில் இறக்கும்போது
கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கட் கிழித்தான்.

வேறு ஊரில் இந்தச் சாமான் சூடாகிச் சாகுமாம்.
பொகவந்தலாவையில் ஊறித்தான் சாகும்.
முதல் மழைக்கே ஃபேனில் பூஞ்சணம்.
அதனால் அணைப்பதே இல்லை,
கட்டிலுக்குக் கீழே இரவும் பகலும் மூச்சு விடுகிறது.
அதன் முதுகுக் காற்றில்
தம்பியின் பள்ளிக்கூட மேஸ் காய்கிறது.

நடுச்சாமம் பன்னிரண்டுக்கு மேல் டேட்டா மலிவு.
அலாரம் வைத்து எழும்பிப் படங்களை இறக்குவேன்.
விடியக் கொழுந்துக்குப் போகிறவர்கள்
லைட்டைப் பார்த்து, யாருக்குச் சுகமில்லை என்று கேட்பார்கள்.

லயத்துச் சுவர் இரண்டடிக் கருங்கல்.
வைஃபை எங்கள் காம்பராவையே சுற்றிச் சுற்றி வந்து
படுத்துவிடும்.
கடைசியில் கூரைத் தகரத்துக்குக் கீழே
முகட்டோடு முகடாக நீல வயர் இழுத்தோம்,
ஆறு வீடு. ஆறாவதில் எலி கடித்தது.
ஒட்டினோம். மறுபடி கடித்தது.

நிரோஜன் கார் ஓட்டுவது அந்தக் கடைசி வீட்டிலிருந்து.
ரேஸ் எங்கள் கட்டிலுக்குக் கீழே நடக்கிறது,
படம் மட்டும் வயரேறிப் போய்
அவன் உள்ளங்கைப் போனில் விழுகிறது.
இடையில் ஓர் இமைப்பு நேரம்.
அந்த இமைப்புக்குள்தான் எல்லாப் பள்ளமும் இருக்கிறது.
இப்போது வளைவு தெரியுமுன்பே வளைக்கிறான்,
பனிமூட்டத்தில் நோர்வூட் ரோட்டில்
ஹோர்ன் அடித்துத் திருப்பும் ஆட்டோக்காரன் மாதிரி.
அப்படியும் விழுகிறான்.

எனக்கு மட்டும் ஒரு பக்கம் திறக்கும்.
யார், எந்தப் படம், எத்தனையாவது நிமிஷம்.
பார்க்கக் கூடாதுதான்.
கொமியூனிகேஷனில் அடையாள அட்டை கொப்பி அடிக்கும்போது
பிறந்த வருஷத்தைப் பார்க்காத மாதிரிப் பார்ப்பேனே,
அப்படித்தான் பார்க்கிறேன்.
இரண்டாம் வீடு சமையல் வீடியோ.
சம்பளத்துக்கு முந்தின கிழமை முழுக்கப் பிரியாணி.
நாலாம் வீட்டு மாஸ்டர்
பேய்ப்படத்தைப் பத்து நிமிஷத்துக்கு மேல் தாங்குவதில்லை.

ஐந்தாம் வீடு, வசந்தமலர் அக்கா.
ஒன்பது இருபதுக்குத் தொடங்கும், ஒரே படம், தினமும்.
நாற்பத்தோராவது நிமிஷத்தில் நிற்கும்.

ஃபைல் பழுதோ என்று ஓட்டிப் பார்த்தேன், நல்லா ஓடியது.
வயர் மூட்டை மாற்றினேன். அதே நாற்பத்தொன்று.
நாலரைக்கு எழும்புகிற ஆள்,
பகல் முழுக்க மலையில் நின்ற கால்,
தூங்கிவிடுகிறாள் என்று முடிவு கட்டி
ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொல்லிக் கொடுத்தேன்:
அக்கா, இந்தா, 'தொடர்க' என்று ஒரு பட்டன்,
விட்ட இடத்திலிருந்து போகும்.

"தெரியும் பிள்ளை.
அதுக்குப் பொறகு அந்த ஆளு துபாய்க்குப் போயிர்றான்.
அதுவரைக்கும் வீட்டுலதானே இருக்கான்."

சொல்லிவிட்டு அரிசியில் கல் பொறுக்கினாள்.
இஸ்தோப்பில் கம்பு நட்டு
ஒரு ஜோடி பெரிய ரப்பர் பூட்ஸ் தலைகீழாக.
சிலந்தி கட்டவில்லை, யாரோ துடைக்கிறார்கள்.

இந்த மாதம் டிஸ்க் நிறைந்துவிட்டது.
பிரியாணியில் கொஞ்சம் அழித்தேன்.
அந்தப் படத்தின் பின்பாதியை வெட்டினால்
ஒரு ஜிகாபைட் மிஞ்சும் என்று கை போனது.
முழுதும் பார்த்தவள் நான்:
இரண்டு மணி ஏழாவது நிமிஷம்
அவன் பஸ்ஸிலிருந்து இறங்குகிறான்,
கொஞ்சம் நரைத்து, பெரிய பெட்டியோடு.
அக்காவிடம் சொல்லவில்லை.
வெட்டவும் இல்லை.

ஒன்பது இருபது.
கட்டிலுக்குக் கீழே சின்னப் பச்சை லைட் துடிக்கிறது.
கடைசி வீட்டிலிருந்து நிரோஜன் கத்துகிறான்,
கார் மறுபடி பள்ளத்தில்.