நிறை

பீல் நகரிலிருந்து மலைக்கு ஏறும் கம்பிவட ரயிலில்
இத்தனை பேர் மட்டும் என்றொரு பலகை.
யார் எத்தனை கிலோ என்று அது கேட்பதில்லை.
மேலே போனதும் நான் கேட்பேன்.
அதற்குத்தான் சம்பளம்.

காலை ஏழு மணி. வெறும் வயிறு.
தோடு கழற்றியாயிற்றா, சிறுநீர் கழித்தாயிற்றா.
தராசு என்கிறோம், தட்டும் இல்லை முள்ளும் இல்லை,
ஒரு கண்ணாடிப் பலகை, நீல இலக்கங்கள்.
ஏறும்போது எல்லோரும் மூச்சை அடக்கிக்கொள்கிறார்கள்.
மூச்சை அடக்கினால் குறையும் என்று
யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

சம்மட்டி எறியும் ரேட்டோ:
நூற்றெட்டு. தேங்காய் உடைக்கலாம்.
அவனோ இன்னும் இரண்டு வேண்டும் என்று நிற்கிறான்,
கடையில் கொசுறு கேட்பவன் மாதிரி.

பனியில் சறுக்கி வானத்தில் பாயும் உர்ஸ்:
அளவுக்கு மீறி இளைத்தால்
அவனுக்குக் குட்டையான சறுக்குக்கட்டைதான் கொடுப்பார்கள்.
பட்டினி கிடந்து பறவையாகிவிடக் கூடாதாம்.
எனக்குப் பிடித்த விதி அது.

நெடுந்தூரம் ஓடும் செவரின்
ஐம்பதில் நன்றாக ஓடினாள்,
நாற்பத்தெட்டில் இன்னும் நன்றாக.
நாற்பத்தாறில் கணுக்காலுக்கு மேலே
எலும்பில் ஒரு மயிரிழை வெடிப்பு.

எங்கள் பாஷையில் நிறை என்றால் பாரம்.
நிறை என்றால் நிரம்பியிருப்பதும்.
பயிற்றுநர்கள் ஜெர்மனில் ‘நிறையைக் குறை’ என்று சொல்லும்போது
அந்த அறையில் எனக்கு மட்டும்
வேறொன்றும் சேர்ந்து கேட்கிறது.

மிலேன்.
ஜூடோ, ஐம்பத்திரண்டு கிலோ வகுப்பு.
சும்மா இருக்கும் நாளில் ஐம்பத்தாறு எழுநூறு.
போட்டிக்கு முந்தின வாரம்
அந்த நாலரைக் கிலோவும் எங்கே போகிறது என்று கேட்டேன்.
‘வியர்வையில்.
மீதி துப்பலில்.’
சூயிங்கம் மென்று மென்று ஒரு போத்தலில் துப்புவதாம்.
பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்.

என் படிவத்தில் ஒரு கட்டம்:
கடைசி மாதவிடாய்த் திகதி.
மூன்று தடவையும் அதில் கோடு போட்டாள்,
அடிமட்டம் வைத்தாற்போல நேராக.

இரத்தத்தில் இரும்பு, எலும்பின் அடர்த்தி,
படுத்திருக்கும்போது உடம்பு எரிக்கும் சூடு
எல்லாம் பார்த்து முடித்த மருத்துவர்
ஒரு எண்தான் சொன்னார். ஐம்பத்தேழு.
‘அந்த வகுப்பில் நான் யாருமில்லை’ என்றாள்.
ஐம்பத்திரண்டில் யார் மிச்சம் என்று
அவர் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.
தராசைத் துடைத்தேன்.

நவம்பரில் ஃபிரிபூர்க்கில் ஒரு போட்டி.
எனக்கு விடுமுறை, ஆனாலும் போனேன்.
ஐம்பத்தேழில் இறங்கினாள்.
நாற்பது வினாடி. முதுகு தரையில்.
வீழ்த்தியவளுக்குத் தோள்கள் கதவகலம்.
பயிற்றுநர் திரும்பி என்னைப் பார்த்தார்,
தள்ளிவிட்டது நான் என்பதுபோல.

பிறகு பார்த்தால், படிக்கட்டில் இருந்து
பாணும் சீஸும் தின்றுகொண்டிருக்கிறாள்,
இரண்டு கையாலும் பிடித்து.
தோற்றால் பசிக்குமா என்றேன்.
‘இல்லை. பசிக்கிறது. அவ்வளவுதான்.’
மடியில் விழுந்த துகளையும்
விரல் நுனியால் ஒற்றி எடுத்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு போட்டி,
ஒன்றில் தோல்வி, ஒன்றில் மூன்றாம் இடம்.
பதக்கத்தைப் பையில் காலுறைகளோடு போட்டு வைத்திருக்கிறாள்.

பெப்ரவரியில் ஒரு செவ்வாய்.
ஐம்பத்தாறு தொள்ளாயிரம்.
இறங்கியதும் படிவத்தை அவளே இழுத்து
அந்தக் கட்டத்தில் எழுதினாள்
முந்தின நாள் திகதியை.
பேனாவைத் திருப்பித் தந்தாள்.
நானும் ஒன்றும் சொல்லவில்லை.
வயிற்றுவலி, சுடுதண்ணிப் பை ஒன்று
கிடைக்குமா என்றாள்.

நிரப்பிக் கொண்டுவந்தேன்.
கொடுக்கும் முன்
தராசில் ஒருமுறை வைத்துப் பார்த்தேன்,
வேலைப் பழக்கம்.
ஒரு கிலோ முந்நூறு.