வெல்வெட்டின் போக்கு

நாலு மாசத்தில் நாற்பத்தாறு சென்றிமீற்றர்.
கிளினிக் மிஸ்ஸுக்கு முந்தியே எனக்குத் தெரியும்.
ஊரார் நெஞ்சும் இடுப்பும் அளக்கிற நாடாவால்
ஒவ்வொரு வெள்ளியும் உன் தலையை அளந்தேன்,
நாவற்குடாவில், மெஷினை நிற்பாட்டிவிட்டு.
சட்டைக் கழுத்து நுழையவில்லை.
தோளில் வெட்டி மூன்று பொத்தான் வைத்தேன்.
"புது மொடலா?" என்று கேட்டாள் ஒருத்தி.
ஓமென்றேன்.

டொக்டர் கடதாசியில் கீறிக் காட்டினார்:
மூளைக்குள் நாலு அறை. அறை நிறையத் தெளிந்த நீர்.
சுவரில் ஒற்றை வரிசையாய் எபென்டைமல் கலங்கள்,
ஒவ்வொன்றின் உச்சியிலும்
கண்ணுக்குத் தெரியாத மயிர்க்கொத்து.
எல்லாம் ஒரே பக்கம் அடிக்கும், நீ தூங்கும்போதும்.
சுவரோரத்து நீரை அவைதான் தள்ளும்.

எனக்கு விளங்கியது வெல்வெட்.
கல்யாண பிளவுசுக்கு வெட்டும்போது
முன்துண்டு, பின்துண்டு, கை
எல்லாம் ஒரே போக்கில் கிடக்க வேண்டும்.
ஒரு கையை மாற்றி வெட்டினால்
வெளிச்சத்தில் அது வேறு நிறம்.
இருபதாம் நாள் வந்த காய்ச்சல்
போக்குப் பார்க்கவில்லை;
வெல்வெட்டின் மேல் நேரே
இஸ்திரிப்பெட்டியை வைத்த மாதிரி.
"உதிர்ந்தது திரும்ப முளைக்குமா?"
டொக்டர் பேனையை மூடினார்.

ஒப்பரேசன் அன்று விடிய முகத்துவாரம் வெட்டினார்கள்.
படுவான்கரை வெள்ளாமை மூன்று நாளாய்த் தண்ணீருக்குள்.
பக்கத்துக் கட்டில் நேசம்மா, கொக்கட்டிச்சோலை, சொன்னா:
"இதுவும் அதுதான் புள்ள.
வாய வெட்டினா வாவி வடிஞ்சிரும்."
ஆறுதலுக்குத்தான்.
நான் பாலமீன்மடுவில் பிறந்தவள்.
வெட்டின வாயைக் கடல் எத்தனை நாள் விட்டுவைக்கும்
என்று எனக்குத் தெரியாதா?
டொக்டரும் ஒளிக்கவில்லை: குழாய் அடைபடலாம்.
வாந்தி, விடாத தூக்கம், கண் கீழே இறங்கினால்
இரவென்றும் பார்க்காமல் கொண்டுவர வேண்டும்.

இப்போது உன் காதுக்குப் பின்னால்
தோலுக்கடியில் ஓடுகிறது
நான் தைக்காத ஒரு பைப்பிங்.
கழுத்தால் இறங்கி வயிற்றுக்குள் முடிகிறது.
தொட்டுப் பார்ப்பேன். அமத்த மாட்டேன்.

நாற்பத்தாறரை.
போன வெள்ளியும் நாற்பத்தாறரை.
நாடாதான் இழுபட்டுப் போயிற்றோ என்று
மரக்கோலோடு வைத்துச் சரிபார்த்தேன்.

அலுமாரியில் ஒரு முழம் நீல வெல்வெட் மிச்சம்.
கிதுர்ஷன், உன் உள்ளங்கையை அதில் வைத்து
படியும் பக்கமாய் இழுக்கிறேன்.
நீயாகவே மறுபக்கம் இழுக்கிறாய்.
மயிர் எழும்பிக்
கறுத்து நிற்கிறது.