கிளியர்

வெள்ளி பின்னேரம் போட்ட செக்.
சனி, ஞாயிறு, திங்கள் போயா.
செவ்வாய் எட்டரைக்கே
களுவாஞ்சிகுடிக் கிளையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே
செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறா கனகநேசம்.
கழற்றத் தேவையில்லை என்று
எத்தனை தரம் சொன்னாலும் கழற்றுவா.

"மில்லுக்காரன்ட செக் என்ன மாதிரி?"
"இன்னும் கிளியர் ஆகல்ல அக்கா."
சொன்ன பிறகுதான்
நான் சொன்னது என் காதில் விழுந்தது.

அவ சிரித்தா. பாக்குப் போட்ட வாயின்
ஒரு ஓரத்தால் மட்டும்.
"நாங்க எப்ப கா கிளியர் ஆன?"

அவவின் ஊர் அம்பிளாந்துறைக்கு அங்கால,
வாவிக்கு மேற்கே, படுவான்கரை.
என்னுடையது கல்லடி, எழுவான்கரை.
சூரியன் எழும்புகிற கரை கிளியர்
படுகிற கரை அன்கிளியர் என்றிருந்த நாளில்
நான் சைக்கிளில் டியூஷனுக்குப் போனேன்.
(எங்களையும் சுற்றிவளைத்து
மைதானத்து வெயிலில் இருத்தினார்கள்.
கிளியராக இருந்தபடியே இருந்தோம்.)

அவ துறையில் பையைக் கொட்டிக் காட்டியிருக்கிறா.
பற்றரி இல்லை. யூரியா இல்லை.
சவுக்காரம் இரண்டு, பனடோல் ஒரு மட்டை.
நடுவில் கிடந்த தண்ணீர் எந்தக் கணக்கில் என்று
ஒருவரும் எழுதிவைக்கவில்லை.
மணலை மீன் பாஸ் இல்லாமல் போய்வந்தது.

மறுகா, முகத்துக்குக் கண்ணாடி போட்ட ஆட்கள்
அவவின் வயலை முழங்காலில் நின்று தடவினார்கள்.
சிவப்புத் தடியைப் பிடுங்கி வெள்ளைத் தடி நட்டு
"கிளியர் அம்மா" என்றார்கள்.
தலையாட்டினா.
அவர்களின் வாகனம் வளைவில் மறைந்ததும்
மாட்டை முதலில் இறக்கினா.
மாடு வரம்பு வரை போய்த் திரும்பிய பிறகே
தன் காலை வைத்தா.

மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில்
புருஷனின் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
டொக்டர் சொன்னதும் அதே சொல்தானாம்.
நாலு மாதத்தில் ஆள் இல்லை.

அன்று கணக்கு முடித்துவிட்டு
அதைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன்.
தீர்ந்தது என்றால் காசு தீர்ந்த மாதிரி.
துப்புரவு என்றால் பிரதேச சபை லொறி.
விடுவிப்பு, வேண்டாம்,
அதைப் பாவித்தவர்கள் வேறு.
தெளிவு?
கலங்கின கிணறு ஒரு இரவில் தெளியும்.
காய்ச்சல் தெளியும், கசிப்பு வெறி தெளியும்,
சடங்கில் உரு ஏறினவ
மஞ்சள் தண்ணீர் தெளிக்கத் தெளிவா.
ஆனால் செக் தெளிந்தது என்று எழுதினால்
மனேஜர் எனக்குத் தெளிக்கத் தண்ணீர் கேட்பார்.

பிறகு, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வரும்போது பிடிபட்டது.
தெளிய ஒருவரும் ஆணை போட ஏலாது.
கலக்கின கையை எடுத்தால் போதும்.
கிளியரை எப்போதும் யாரோ ஒருவர் ஆக்குகிறார்,
மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து.
பன்னிரண்டு வருடமாக
அந்தப் பக்கம் நான்.

புதன் பத்து மணி. திரையில் பச்சை.
கவனமாகச் சொன்னேன்:
"காசு வந்திட்டு அக்கா."
"கிளியரா?"
"எண்பத்திரண்டாயிரத்து ஐந்நூறும்
புத்தகத்தில ஏறிட்டு."
"அதில்ல புள்ள. கிளியரா எண்டு கேக்கன்."
வரிசையில் பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார்.

"கிளியர்" என்றேன்.

"ம்" என்றா.
விரலில் எச்சில் தொட்டு
நோட்டுகளை முதலில் இருந்து எண்ணினா,
இரண்டு தரம்.
ஓரம் கிழிந்த ஐந்நூறு ஒன்றை
என் பக்கம் திருப்பித் தள்ளி, வேறு கேட்டா.
கொடுத்தேன்.
அதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா.

பன்னிரண்டு மணிப் பாதைக்கு
இன்னும் நேரம் இருந்தது.