உப்புநீரில் மிதப்பவை

ஹுய்னிங் மஞ்சள் மேடுகளில்
மார்ச் மாதம் பனிபோலத் தெரிவது பனி இல்லை.
படிப்படியாய் வெட்டிய சரிவுகளில்
வரிவரியாய் விரித்த பாலித்தீன்.
மக்காத் தாளின் கீழே மக்காச்சோளம்.

காங் சூஹெயின் நிலம் ஒரு ஏக்கருக்கும் குறைவு.
"குற்றம் சொல்லத்தானே வந்திருக்கிறாய்" என்றாள்,
மண்வெட்டியைத் தராமல்.

"இந்தத் தாள் வருமுன்
இங்கே சோளம் முழங்காலைத் தாண்டியதில்லை.
வருடத்துக்கு முந்நூறு மில்லிமீட்டர் மழை
உன் கணக்கில்.
என் கணக்கில் இரண்டு தொட்டி,
அதிலும் ஒன்று பாதி.
என் மகன் படித்தது
இந்தத் தாளுக்கு அடியில் வியர்த்த தண்ணீரில்."

நான் வாதாடவில்லை.
பத்துப் பத்து சென்டிமீட்டராய் மண்ணெடுத்து
அலுமினிய டப்பாக்களில் அடைத்தேன்.
நெகிழிப் பை கூடாது.
என் சட்டைகூடப் பருத்தி,
நைலான் இழை உதிர்ந்தால் கணக்குக் கெடும்.
சொன்னதும் சிரித்துவிட்டாள்:
"நீ ஒருத்திதான் சுத்தமாய் வந்திருக்கிறாய்
இந்த மலைக்கு."

லான்ஷோவில், ஆய்வுக்கூடத்தின் மூன்றாம் மாடியில்
உப்புநீரில் கரைத்து இரவு முழுக்க விட்டால்
மண் அடியில் படியும்.
மண் அல்லாதது மேலே வரும்.

மேல்மண்ணில் நகக்கண் அளவுச் செதில்கள்.
அடுத்ததில் எள்ளுத் தோல் போல.
அதற்கும் கீழே
கலப்பை ஒருநாளும் எட்டாத ஆழத்தில்
கண்ணுக்கும் எட்டாதவை.
யார் கொண்டுபோனது?
மண்புழுதான்.
தின்று கழித்து, தின்று கழித்து
தன் வேலையைத்தான் செய்திருக்கிறது.

பிறகு வேர்.
தொட்டியில் வளர்த்த நாற்று,
பச்சையாய் ஒளிரும் சாயம் ஏற்றிய துகள்கள்.
வேர்நுனி கெட்டிக்காரி,
கண்டதையும் உள்ளே விடமாட்டாள்.
ஆனால் பக்கவேர் ஒன்று
தாய்வேரின் தோலைக் கிழித்து வெளிவரும்போது
அந்த இடத்தில் கொஞ்ச நேரம்
ஒரு பிளவு மூடாமல் இருக்கும்.
பிறந்த வழி.
அதன் வழியாகத்தான் நுழைந்திருந்தது.
அங்கிருந்து தண்ணீர் ஏறும் குழாயெல்லாம்
பச்சைப் புள்ளி, பச்சைப் புள்ளி.

அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது
மகிழ்ச்சி.
மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.
படம் அவ்வளவு தெளிவாய் விழுந்திருந்தது.

அக்டோபரில் மறுபடி போனேன்.
அறுவடை முடிந்து
முள்வாரியால் தாளை வாரிக்கொண்டிருந்தாள்.
மயிர் இழையைவிட மெல்லிய தாள்,
விலை குறைந்த ரகம்;
இழுக்க இழுக்கக் கிழிந்து
பாதி கையோடு வந்தது, பாதி மண்ணோடு தங்கியது.
காற்று கொண்டுபோனது
வாதுமைக் கிளைகளில் படபடத்தது.

"எத்தனை?" என்றாள்.
ஒரு கிலோ மண்ணுக்கு இத்தனை என்றேன்.
"ஒரு கிலோ சோளத்துக்கு?"
"இன்னும் எண்ணவில்லை."

வாரியை மண்ணில் ஊன்றி நின்றாள்.
அடுத்த வருடமும் தாள் போடுவீர்களா
என்று கேட்க வந்தவள் நான்.
கேட்கவில்லை.
அவளாகவே நடந்தாள், நானும் பின்னால்,
வரப்போரத்துக் கடைசிச் சால் வரை.
அது மட்டும் தாள் இல்லாமல் விட்ட சால்.
என்னிடம் சொல்லவே இல்லை.

தட்டைகள் என் இடுப்புக்குக் கீழே.
கட்டைவிரல் நீளத்தில் ஒரு கதிரை ஒடித்து
என் பருத்திச் சட்டைப் பையில் செருகினாள்.

"இதையும் எண்ணு."

பேருந்தில் எண்ணினேன்.
எழுபத்தொரு மணி.
இருபது சொத்தை.