கூர்

இந்த நகரத்தின் பெயரைத் தமிழில் எழுதினால்
கூர்.
கத்திக்கும் பென்சிலுக்கும் பல்லுக்கும் சொல்கிற அதே சொல்.
ஒன்பது வருடம் இருந்தும்
மலையுச்சியைத் தவிர
கூரான எதையும் நான் இங்கே கண்டதில்லை.

போன மார்கழியில் கண்டேன்.
தொட்டியின் அடியில், வெள்ளைக் கூழாங்கல் மேல்,
அரிசி நொய்யளவு
ஒரு விரல்.

மூன்று நியூட்கள். இரண்டு ஆண், ஒரு பெண்.
முதுகு கரி, வயிறு குங்குமம்.
என்னோடு ரயில் பெட்டி கழுவிய உர்சினா
மாற்றலாகிப் போகும்போது தந்தவை.
இருபது வருடம் வாழும் என்றாள்,
கல்யாண வீட்டில் வாழ்த்துவதுபோல.
சண்டை போடுமா என்று கேட்டேன்.
சேச்சே, சோம்பேறிகள் என்றாள்.

கெங்காதரன் குனிந்து பார்த்துவிட்டு
பல்லி என்றார்.
பல்லியென்றால் பலன் சொல்ல வேண்டும்,
தலையில் விழுந்தால் கலகம் என்று
காலண்டரின் பின்பக்கத்தில் இருக்க வேண்டும்.
இவை சொல்வதுமில்லை, விழுவதுமில்லை.
கலகத்தைத் தங்களுக்குள்ளேயே
வைத்துக்கொள்கின்றன.

பிழை என்னுடையது.
முதல் பனி கொட்டிய இரவில்
தொட்டியை ஹீட்டர் பக்கம் நகர்த்தியது நான்.
குளிரில் வந்திறங்கிய யாரையும்
நாம் அங்கேதானே இருத்துவோம்.

தண்ணீர் இருபத்தாறு டிகிரி.
புழுவைப் போட்டால்
புழுவை விட்டுவிட்டு
புழுவிடம் போனவனைக் கடித்தான் பெரியவன்.
சின்னவனின் முன்காலைக் கவ்வி
நாய் துணியை உதறுவதுபோல் உதறினான்.
பெண் தக்கையின் மேல் ஏறி
சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொம்பிளைக்காகத்தான்," என்றார் கெங்காதரன்.
அவருக்கு எல்லாமே அதற்காகத்தான்.
நான் மூன்று இரவு விழித்துப் பார்த்தேன்.
அவளுக்காக இல்லை.
புழுவுக்காக, சூட்டுக்காக,
ஒரு முழ நீளத் தண்ணீருக்காக.

போனில் உர்சினா கத்தினாள்:
சூடா? உனக்கென்ன பைத்தியமா?
குளிர் படாமல் அதுகளுக்கு ஆசை வராது!

நிலவறையில், எங்கள் அரிசி மூட்டைக்கும்
யாரோ ஒருவரின் பனிச்சறுக்குப் பலகைக்கும் நடுவே
மூன்று பெட்டி, மூன்று குளிர்.
எட்டு டிகிரி.
சலவை முறை வரும் நாளில்
கூடையோடு டார்ச்சும் கொண்டுபோவேன்.
அசையவே மாட்டா.
ஆனால் சின்னவனின் கால்நுனியில்
ஜவ்வரிசிபோல் ஒரு மொட்டு.

பங்குனியில் மேலே கொண்டுவந்தேன்,
ஹீட்டர் இல்லாத ஜன்னலுக்கு.
பெரியவனின் வாலில் ஊதா ஏறியிருந்தது.
அவளை அவனோடு விட்டேன்.

அவள் இடம் போனால் இடம், வலம் போனால் வலம்.
முன்னால் நின்று வாலை மடக்கி
அவள் மூக்கருகே நடுக்கினான்.
அதே வாய்தான்.
தொடவில்லை.
ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டே நின்றான்.

பிறகு திரும்பி நடந்தான்.
கஞ்சித்துளிபோல் எதையோ கல்லில் வைத்தான்.
அவள் பார்க்காமல் தாண்டிப் போனாள்.
இரண்டாவதையும் தாண்டினாள்.
மூன்றாவதன் மேல் மெல்ல ஊர்ந்து
எடுத்துக்கொண்டாள்.
"இவ்வளவுதானா?" என்றார் கெங்காதரன்.
அன்றைக்கு வேறெதுவும் அவர் பேசவில்லை.

பின்னங்கால்களால் இலையை மடித்து
உள்ளே ஒரு முட்டை.
மொய்ப்பணத்தை உறையிலிட்டு ஒட்டுவதுபோல
ஒவ்வொன்றாக, அத்தனை பத்திரமாக.
மடித்து முடித்த கையோடு
பக்கத்து உறையைப் பிரித்துத் தின்றாள்.
அவனும் வந்து தின்றான்.

மிஞ்சிய இலைகளைக் கத்தரித்து
ஜாம் போத்தலில் இட்டேன்.
சின்னவன் தனிப்பெட்டியில்
புதுக்காலை ஊன்றிப் பார்க்கிறான்.
நான்கு விரல் இருக்கவேண்டிய இடத்தில் ஐந்து.

குஞ்சுகளும் ஒன்றின் காலை ஒன்று கடிக்குமாம்.
ஒன்றுக்கு ஒரு போத்தல் வேண்டும்.
நான் மூன்றாம் மாடிக் கதவைத் தட்டினேன்.
சலவை முறை தவறியதற்கு
இரண்டு முறை எனக்குக் கடிதம் எழுதிய
திருமதி காடுஃப் திறந்தாள்.
கதவைப் பாதி மூடியபடி கேட்டாள்.
உள்ளே போனாள்.
கண்ணாடிகள் மோதும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

பதினொரு போத்தல்.
"மூடியும் வேண்டுமா?"
வேண்டாம், மூச்சு விட வேண்டும் என்றேன்.